படுத்துக்கொண்டே ஓட்டும் வண்டி

உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, படு என்று சைகை காட்டினார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இருக்கையின் முதுகைச் சாய்த்தார், ஸ்டீயரிங் கம்பத்தைத் தளர்த்திக் கீழே இறக்கினார், மறுபடியும் அதே சைகை. சரி என்று படுத்தேன். கண்ணுக்கு நேரே வண்டியின் இரும்பு விளிம்பு, அதற்கு மேலே பைன் மரங்களின் தலை, நடுவில் ஒரு கீற்று வானம். வேறொன்றும் தெரியவில்லை. பக்கத்திலேயே நடந்துவந்து அவர் "இடது, இடது" என்று கத்த, முப்பது மீட்டர் ஓட்டியிருப்பேன். மணல் மேட்டில் முட்டி இன்ஜின் அணைந்தது. சுற்றி நின்ற நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

2019 ஆகஸ்ட். இடம், போலந்தின் வடமேற்கே காட்டுக்குள் இருக்கும் போர்னே சுலினோவோ. முதலில் ஜெர்மன் ராணுவத்தின் பயிற்சிக்களம், போருக்குப் பிறகு சோவியத் படைத்தளம். 1992இல் படைகள் கிளம்பிப் போகும்வரை போலந்து வரைபடங்களில் இப்படி ஓர் ஊரே கிடையாது. இப்போது பழைய ராணுவ வண்டி வைத்திருப்பவர்கள் ஆகஸ்ட் மாதத்தில் அங்கே கூடுகிறார்கள். நம் ஊர்த் திருவிழா மாதிரியேதான்: தூசி, புகை, தீனிக்கடை, தொலைந்துபோன பிள்ளையைத் தேடும் அம்மா. தேருக்குப் பதில் டாங்கி. வேலை விஷயமாகப் போலந்து போயிருந்த நான் ஒரு சனி ஞாயிறை ஒதுக்கி, ரயில், பஸ், அப்புறம் முன்பின் தெரியாத ஒருவர் காரில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். முன்பின் தெரியாதவர் என்பது முழு உண்மையில்லை. நாலு வருடமாகக் கடிதமும் படமும் அனுப்பிக்கொண்டிருந்தோம், முகம்தான் அன்றைக்கு முதல்முறை. அந்த வண்டி அவருடையது.

லுவாஸ்-967. உக்ரைனின் லுட்ஸ்க் நகரத் தொழிற்சாலையில் 1970களின் நடுவிலிருந்து செய்யப்பட்டது. ஒரு சின்னக் கார் அளவுதான், பார்க்கத் தகரத் தொட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். கதவு இல்லை, கூரை இல்லை. போர்முனையில் அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்கி வருவதுதான் இதன் வேலை. அதை மனத்தில் வைத்துப் பார்த்தால் வண்டியின் ஒவ்வொரு கோணங்கித்தனத்துக்கும் காரணம் கிடைத்துவிடும். ஓட்டுநர் நட்டநடுவில் உட்காருகிறார், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஸ்ட்ரெச்சர் வைக்க இடம் வேண்டும். முன்னால் ஒரு கயிற்று வின்ச். லாரியை இழுக்க அல்ல, குண்டு விழும் இடத்திலிருந்து ஒரு மனிதனை இழுத்துவர. அடிப்பாகம் படகு, ஆற்றில் இறக்கினால் மிதக்கும். புரொப்பல்லர் கிடையாது, சக்கரங்கள் சுழலும் வேகத்திலேயே மணிக்கு 3, 4 கிலோமீட்டர் நீந்திப் போகும். சுடுகிறவன் கண்ணில் படாமலிருக்க ஓட்டுநர் படுத்துக்கொண்டும் ஓட்டலாம். இன்ஜின், ஜப்பரோஷெட்ஸ் என்ற மக்கள் காரிலிருந்து எடுத்த, காற்றால் குளிரும் 37 குதிரைத்திறன் வி-4. சத்தம் மாவு மில் சத்தம்.

இதன் மூதாதை நாமி-032 என்ற சோதனை வண்டி. மாஸ்கோவின் மோட்டார் வாகன ஆய்வு நிறுவனத்தில் 1950களின் பிற்பகுதியில் போரிஸ் ஃபிட்டர்மன் தலைமையில் உருவானது. ஃபிட்டர்மன் அதற்கு முன் மாஸ்கோவின் ஸீஸ் (பின்னாளில் ஸில்) வாகன ஆலையின் தலைமை வடிவமைப்பாளர். 1950இல் கைதாகி வர்குத்தா கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டவர், ஸ்டாலின் இறந்த பிறகுதான் வெளியே வந்தார். திரும்பி வந்து அவர் வரைந்த வண்டிகளில் ஒன்று, கீழே விழுந்தவனைத் தூக்கிவரும் வண்டி. இதில் நான் எதையும் கோர்த்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் வின்ச் கயிற்றைக் கையில் பிடித்தபோது அந்த நினைப்பு வந்தது.

வீட்டில் இதற்குப் பெயர் "பொம்மை டாங்கி வியாதி". மறுப்பதற்கில்லை, அலமாரியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் பதினோரு மாதிரிகள் இருக்கின்றன. ஆனால் எனக்குத் துப்பாக்கியில் ஆசை இல்லை. எந்த பீரங்கி எத்தனை மில்லிமீட்டர் இரும்பைத் துளைக்கும் என்று பேச ஆரம்பித்தால் கொட்டாவி வந்துவிடும். என்னைப் பிடித்தது சேறுதான். மன்னார்குடிப் பக்கம் பிறந்தவனுக்குச் சேற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உழவு நேரத்தில் டிராக்டர் புதைந்து, அதை எடுக்க வந்த டிராக்டரும் புதைந்து, இரண்டையும் எடுக்க மூன்றாவது வரும்வரை வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பிள்ளை நான். கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டினால் சேற்றில் போகும், ஆனால் அதே சக்கரத்தோடு தார் ரோட்டில் ஏறினால் பஞ்சாயத்துக்காரர் சண்டைக்கு வருவார். நிலத்துக்கு ஏற்ற சக்கரம் ரோட்டுக்கு ஆகாது, ரோட்டுக்கு ஏற்றது நிலத்துக்கு ஆகாது. இந்தச் சிக்கலை ஒரு நாடு முழுக்கத் தலையில் வைத்துக்கொண்டு, அதற்கென்றே தனி வடிவமைப்புக் கூடங்கள் வைத்து, காசைக் கொட்டித் தீர்த்துப் பார்த்தது என்று தெரிந்தபோது எனக்கு வயது இருபத்து மூன்று. அன்றைக்குப் பிடித்தது.

அந்த நாடு சோவியத் யூனியன், அந்தக் கதையில் நாயகன் விட்டாலி கிராச்சேவ் என்ற வாகன வடிவமைப்பாளர். 1903இல் பிறந்தவர். 1941இல் அமெரிக்காவின் பான்டம் ஜீப் படங்களைப் பார்த்தே காஸ்-64 என்ற ஜீப்பைச் செய்தவர். அவர் கையில் ஜீப் இல்லை, படம் மட்டும். சக்கர இடைவெளியை அமெரிக்க வண்டி அளவுக்கே குறுக்கி வைக்கச் சொன்னார்கள், வண்டி சரிவில் கவிழப் பார்த்தது. பிறகு அகலப்படுத்தி காஸ்-67 வந்தது. போருக்குப் பின் மாஸ்கோவின் ஸில் ஆலையில் 1954இல் தொடங்கிய சிறப்பு வடிவமைப்புக் கூடத்துக்கு அவர் தலைமை. அங்கிருந்து வந்ததைப் பார்த்தால், ஒரே மனிதனா இதெல்லாம் யோசித்தான் என்று தோன்றும்.

ஸில்-135ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுச் சக்கரம், எட்டும் இழுக்கும். ராக்கெட் சுமக்கும் லாரி. இதில் இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள். சக்தி போதாமல் இரண்டு வைத்தார்கள், அது சாதாரணம். அதை இணைத்த விதம்தான் வேடிக்கை: வலது இன்ஜின் வலப்பக்க நாலு சக்கரத்துக்கு, இடது இன்ஜின் இடப்பக்க நாலுக்கு. ஆக, இடத்துக்கும் வலத்துக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலே வேண்டாம். ஒரு பக்கச் சக்கரம் வழுக்கிச் சுற்றினால் மறுபக்கச் சக்தி அதோடு ஓடிப்போகாது. மாடு இரண்டு, நுகத்தடி இல்லை. முதல் அச்சும் கடைசி அச்சும் திரும்பும், நடு இரண்டு அச்சுகள் ஸ்பிரிங்கே இல்லாமல் சட்டத்தோடு இறுகியிருக்கும். பெட்ரோல் குடிப்பதைப் பற்றிப் பேசவே கூடாது. இதை வைத்திருக்கும் ஒருவர் எங்களுக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு முறைதான் எடுப்பார், அதுவும் நூறு மீட்டர்.

ஆனால் கிராச்சேவ் செய்ததில் என் உயிர் நீலப்பறவைதான்.

1965 மார்ச். வோஸ்கோத்-2 என்ற சோவியத் விண்கலம். அலெக்ஸி லியோனவ் விண்வெளியில் நடந்த முதல் மனிதர் ஆகிவிட்டார், திரும்பும்போது தானியங்கி இறங்கு முறை கைவிட்டது. கலத்தின் தளபதி பெல்யாயவ் கையால் இயக்கி இறக்கினார். விழுந்த இடம், திட்டமிட்ட இடத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, பெர்ம் பகுதியின் பனிக்காடு. மரங்களுக்கு நடுவில் கலம் செருகிக் கிடந்தது. ஹெலிகாப்டர் இறங்க வழியில்லை. இருவரும் காட்டில் இரண்டு இரவு கழித்து, பனிச்சறுக்குக் கட்டையில் நடந்துபோய் ஹெலிகாப்டர் ஏறினார்கள். நிலாவுக்குப் போகப் போட்டி போடும் நாடு, தன் வீரனைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவர ஒரு வண்டி இல்லாமல் நின்றது.

இந்த மாதிரி வேலைக்கென்றே 1966இல் கிராச்சேவின் கூடம் பெஸ்-1 என்ற நீர்நில வண்டியைக் கொண்டுவந்தது. விண்கலத்தைத் தூக்கி முதுகில் வைத்துக்கொள்ள கிரேனும் உண்டு. அதன் வாரிசு 1970களில் வந்த ஸில்-4906. ஒன்பது மீட்டருக்கு மேல் நீளம், ஆறு சக்கரமும் இழுக்கும், முன்னதும் பின்னதும் திரும்பும், நடுச் சக்கரம் திரும்பாது. உடல் ஃபைபர் கிளாஸ், உள்ளே அலுமினியச் சட்டம். சதுப்பு, பனி, ஆறு எதிலும் போகும். முழுக்க நீல நிறம், அதனால் ஓட்டியவர்கள் வைத்த பெயர் நீலப்பறவை. இதே குடும்பத்தில் இன்னொன்று, விண்வெளி வீரர்களும் டாக்டரும் உட்காரும் பெட்டி வைத்தது, ஸில்-49061. சோயூஸ் கலம் கஜகஸ்தான் புல்வெளியில் இறங்கும் படங்களில் ஓரத்தில் நிற்கும் நீல வண்டி அதுதான். எல்லோரும் பாராசூட்டைப் பார்ப்பார்கள், நாங்கள் ஓரத்தைப் பார்ப்போம்.

சரி, நீலப்பறவையாலும் போக முடியாத இடம் வந்தால்? அப்போது அது தன் முதுகிலிருந்து இன்னொரு வண்டியை இறக்கும். ஸில்-2906. சக்கரமே கிடையாது. இரண்டு நீளமான உருளைகள், ஒவ்வொன்றிலும் சுருள் சுருளாகத் தகடு. எங்கள் ஊர் ரைஸ் மில்லில் தவிட்டைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்க்ரூ இருக்குமே, அதைக் கவிழ்த்து இரண்டாக மாட்டியது போல. உருளைகள் எதிரெதிராகச் சுழல, சுருள் சேற்றைக் கடித்து வண்டியை முன்னால் தள்ளும். இரண்டும் ஒரே பக்கம் சுழன்றால் நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும். கழுத்தளவு பனியிலும், தண்ணீரா தரையா என்று தெரியாத புதைசேற்றிலும் இது போகும். தார் ரோட்டில் மட்டும் போகாது, சுருள் தேய்ந்துவிடும். அதனால்தான் பெரியது சின்னதைச் சுமக்கிறது. கேஜ் வீல் கதையேதான். கழற்றி மாட்டுவதற்குப் பதிலாக முழு வண்டியையே மாற்றிக்கொள்கிறார்கள்.

இந்த வண்டிகளை மாஸ்கோவுக்கு வடகிழக்கே செர்னகோலவ்கா பக்கம் இவானவ்ஸ்கோயே கிராமத்து அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஒன்றே ஒன்று செய்யப்பட்ட ஸில்-இ167 என்ற ஆறு சக்கரப் பனிவண்டியும் அங்கேதான் நிற்கிறது. செய்த ஆலை இப்போது இல்லை. ஸில் வளாகத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள்.

எங்கள் கூட்டம் ஏழு பேர். தமிழ்நாட்டில் நானும் ஒரு பெரியவரும். மற்றவர்கள் போலந்து, செக், ஜெர்மனி, உக்ரைனின் கார்கிவ், ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கரத். பெரியவர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டி-72ஐ "அஜேயா" என்று நாம் கட்டியது அங்கேதான். அவரிடம் டி-72 என்று சொன்னால் பதில் வராது, "172எம்-னு சொல்லுங்க தம்பி" என்பார். சோவியத் டாங்கிகளுக்கு ஆலை வைத்த பெயர் "ஆப்ஜெக்ட்" என்ற சொல்லும் ஓர் எண்ணும். எண்ணைப் பார்த்தே ஊரைச் சொல்லலாம்: 100களில் இருந்தால் நிஷ்னி தகீல், 200கள் லெனின்கிராட், 400கள் கார்கிவ், 700கள் செல்யாபின்ஸ்க். டி-64 என்பது 432, டி-80 என்பது 219. இது பிடிபட்டுவிட்டால் பெயர்கள் எல்லாம் வீட்டு விலாசம் மாதிரி ஆகிவிடும்.

அந்தக் கணக்குப்படி ஆப்ஜெக்ட் 279 லெனின்கிராட். 1950களின் கடைசியில் கீரவ் ஆலையில் த்ரோயானவ் வடிவமைத்த, அறுபது டன் டாங்கி. அணுகுண்டு அதிர்வில் கவிழாமலிருக்க உடலைத் தட்டுப் போலச் செய்திருப்பார்கள், ஏதோ வேற்றுக் கிரகத்து ஆமை. இரண்டு சங்கிலிக்குப் பதில் நாலு. அவை இரண்டு உள்ளீடற்ற உத்தரங்களில் மாட்டியிருக்கும், அந்த உத்தரங்களே எரிபொருள் டாங்க். வயிறு தட்டிச் சேற்றில் உட்காருவது என்ற பேச்சே இல்லை. ஆனால் உள்பக்கச் சங்கிலி அறுந்தால் களத்தில் எவன் கழற்றி மாட்டுவான்? 37 டன்னுக்கு மேல் டாங்கியே வேண்டாம் என்று 1960இல் குருஷ்சேவ் சொன்னதோடு கதை முடிந்தது. மிஞ்சியது ஒன்று, மாஸ்கோ பக்கம் குபின்கா டாங்கி அருங்காட்சியகத்தில்.

அதன் மாதிரிப் பெட்டியை வாங்கி ஆறு வாரம் சுங்கத்தில் கிடந்து, வீட்டுக்கு வந்து பிரித்தால், நாலு சங்கிலிக்கான இணைப்புத் துண்டுகளில் ஒரு பை இல்லை. கடைக்காரருக்கு எழுதினேன். பெட்டியின் எடையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன், அத்தோடு காணாமல் போனார். மூன்று சங்கிலி டாங்கியை அலமாரியில் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள், "இதுவும் ரேர் மாடலா?" அப்போதுதான் போலந்து நண்பர் அறிமுகம். தன்னிடம் உதிரித் துண்டுகள் இருப்பதாகச் சொல்லி, கல்யாணப் பத்திரிகை அளவு உறையில் அனுப்பினார். எண்ணிப் பார்த்தேன், நாலு அதிகம். "தொலைப்பீர்கள் என்று தெரியும்" என்று எழுதியிருந்தார்.

இந்தக் கூட்டத்தில் அன்பு இப்படித்தான் வெளிப்படும். சண்டையும் அப்படித்தான். 4பிஓ என்று ஒரு பச்சை, போர்க்காலத்து சோவியத் ராணுவப் பெயின்ட். அது இலைப்பச்சையா, பாசிப்பச்சையா, புளிச்சக்கீரை வேகவைத்த பச்சையா என்பதில் உலகம் முழுக்க மனிதர்கள் பேச்சுவார்த்தை முறித்திருக்கிறார்கள். எண்ணெய்ப் பெயின்ட், வருடம் போகப் போக நிறம் மாறும். பழைய தகட்டைச் சுரண்டி எடுத்தாலும் தீர்ப்பு கிடைக்காது. கார்கிவ்காரரும் நிஷ்னிக்காரரும் இதற்காக ஒரு முழு டிசம்பர் மாதம் பேசாமல் இருந்தார்கள். புத்தாண்டுக்கு ஒருவர் வோட்கா பாட்டில் படம் போட்டார், மூடி பச்சை. "இதுவா?" என்று கேட்டிருந்தார். சமாதானம் ஆயிற்று.

பட்டப்பெயர்கள் இன்னும் ருசி. உவாஸ்-452 வேனுக்கு "புகான்கா", அதாவது ரொட்டி. ஸில்-157க்கு "கோலூன்", விறகு பிளக்கும் கோடாலி. காஸ்-66க்கு, அறுபத்தாறு என்ற எண்ணின் ஒலியிலிருந்து, "ஷிஷிகா". ஷிஷிகா என்றால் அவர்கள் ஊர்க் குட்டிச்சாத்தான். இதை நிஷ்னிக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார், காஸ் ஆலை அவர் ஊர்.

2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்த நாள். அதற்குப் பிறகு கார்கிவ்காரர் ஒன்பது நாள் எதுவும் எழுதவில்லை. பத்தாம் நாள் "உயிரோடு இருக்கிறேன்" என்று மட்டும் வந்தது. அன்றிரவே நிஷ்னிக்காரர் குழுவிலிருந்து வெளியேறினார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. என் பங்குக்கு நானும் தனியாக எதுவும் எழுதவில்லை. என்ன எழுதுவது?

அப்புறம் நாங்கள் அருங்காட்சியகத்தில் தேடியதெல்லாம் செய்தியில் வர ஆரம்பித்தது. கிடங்குகளிலிருந்து டி-62 வந்தது, அடுத்த வருடம் டி-54, டி-55 ரயிலேறின. 2023இல் ஒரு படம் பார்த்தேன், 1950களின் கவச வண்டியான பிடிஆர்-50, போர்க்களத்தில். "பிடிஆர்-50!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அபூர்வப் பறவையைக் கண்டவனின் சந்தோஷம் அது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிடம் கழித்துத்தான் படத்தின் மற்ற பகுதியைப் பார்த்தேன். பின்பக்கம் கருகியிருந்தது. பெரியவருக்கு அனுப்ப எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் மாதிரி எதையும் தொடவில்லை, பசை காய்ந்து கட்டியாகிவிட்டது.

போலந்து நண்பர் 2022 கோடையிலேயே தன் லுவாஸைக் கொடுத்துவிட்டார். பதினெட்டு வருடம் ஒவ்வொரு போல்ட்டாகத் தேடிச் சேர்த்த வண்டி. எல்லை தாண்டிப் போகும் லாரி ஒன்றில் ஏற்றிவிட்டு, காலிக் கொட்டகையின் படத்தை எங்களுக்கு அனுப்பினார், எண்ணெய் சொட்டிய கறை மட்டும் தரையில். "அது லுட்ஸ்கில் பிறந்தது, அந்தப் பக்கம்தான் போகிறது" என்று எழுதினார். படுத்து ஓட்டுவது எப்படி என்று ஒரு காகிதத்தில் படம் வரைந்து வண்டிக்குள் ஒட்டிவிட்டாராம். வாங்கிக்கொள்ள வந்த பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும், அவனுக்கும் சைகையிலேயே காட்டினேன் என்றார்.

போன வருடம் அவருக்கு எங்கிருந்தோ ஒரு படம் வந்து, அதை எங்களுக்கு அனுப்பினார். மரத்தடியில் வலைக்குக் கீழே நிற்கிறது. அவர் பார்த்துப் பார்த்து அடித்த பச்சைக்கு மேல் யாரோ பிரஷ்ஷால் மண் நிறத்தைப் பூசியிருக்கிறார்கள், ஹெட்லைட் ஒன்று இல்லை, ஒரு ஓரத்தில் ஸ்ட்ரெச்சர் சாய்த்து வைத்திருக்கிறது. யாரும் எதுவும் எழுதவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பெரியவர் எனக்குப் போன் பண்ணினார்.

"தம்பி, படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்தேன் ஐயா."

"முன் டயர் ரெண்டும் மாத்தியிருக்காங்க. ஒரிஜினல் இல்ல."

"ஆமாங்க ஐயா."

"புதுசு போட்டிருக்காங்க," என்றார். "ஓடிக்கிட்டிருக்கு."